மதகில் தொங்கிய கீரி மாமா

கீரி மாமாவின் முகத்தில் ஓட்டை போட்டது நான்தான். முதலில் எண்ணெய் தடவினேன், பிறகு இஸ்திரி போட்டேன். கட்டுவிரியன் கங்காணி ஒன்பது வருஷமாக முயன்றும் முடியாத காரியத்தை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

1984ஆம் வருஷம். திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ரிக் லாரி ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, ஜேடர்பாளையத்துச் செல்லாயி வரைந்த படக்கதையின் கடைசிப் பக்கம். மற்றது வெறும் மெல்லிய தாள். மெல்லிய தாளில் பஞ்சால் தேங்காயெண்ணெய் தடவிக் காயவைத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். படத்தின் மேல் வைத்து அப்படியே நகல் எடுக்கலாம். டிரேசிங் பேப்பர் கிடைக்காத ஊர்களில் எல்லோரும் செய்கிற வேலை. இருப்பது ஒரே பிரதி, பஸ்ஸில் சேலம் போகப்போகிறது, தொலைந்தால் என்ன ஆவது, நகல் எடுத்து வைப்போமே என்று எனக்குப் பொறுப்புணர்ச்சி வந்துவிட்டது. அது எனக்கு வருகிற நாளெல்லாம் யாருக்காவது நஷ்டம்.

பஞ்சை எண்ணெயில் முக்கிய நேரம் பார்த்து நெல்லூரிலிருந்து டிரங்க் கால். "தொளை போடற பிட்டு உள்ள மாட்டிக்கிச்சுங்க, வரமாட்டேங்குது, என்னங்க பண்றது?" என்று ரிக்கில் இருந்தவர் கத்தினார். நானும் கத்தினேன். என் வாய் நெல்லூரில் இருந்தது, கை திருச்செங்கோட்டில் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ரிசீவரை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், மெல்லிய தாள் வறண்டு கிடக்கிறது. செல்லாயியின் படம் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு தீபாவளிக்குத் தயாராக இருக்கிறது.

மை கரையவில்லை. ஆனால் தாள் கண்ணாடி ஆகிவிட்டதால் பின்பக்கத்தில் எழுதியிருந்த மை செய்முறையெல்லாம் முன்பக்கம் தெரிந்தது. கீரி மாமாவின் நெற்றியில் 'வேலம்பிசின் ஒரு கரண்டி' என்று இடவலம் மாறி ஓடியது. முகப்பவுடர் போட்டால் எண்ணெயை உறிஞ்சும் என்று ஆபீஸ் டிரைவர் சொன்னார். போட்டேன். மேலே சூடு காட்டினால் சுத்தமாகப் போய்விடும் என்று எனக்கே தோன்றியது. பக்கத்து இஸ்திரி வண்டியில் பெட்டியை இரவல் வாங்கினேன். ஓட்டையின் கதை அவ்வளவுதான்.

இதற்கா இத்தனை ஒப்பாரி என்பவர்களுக்கு, கீரி மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் ஒரு சிறுவர் மாத இதழில் வந்த கீரிப்பிள்ளை. இதழின் பெயர் வேண்டாம், இன்னொரு கடிதம் எழுதிவிடுவார்கள். காக்கி அரை டிராயர், கழுத்தில் துண்டு, காதில் பீடி. யாருக்கு அநியாயம் நடந்தாலும் முதலில் ஒரு டீ குடித்துவிட்டுத் தட்டிக்கேட்கப் புறப்படுவார். ஒன்பது வருஷம் வந்தார். அதற்கு முந்தைய கார்த்திகை மாத இதழில், கட்டுவிரியன் கங்காணி அவரை அணை மதகில் தொங்கவிட்டுத் தண்ணீரைத் திறக்கச் சொல்லிக் கை தட்டுகிறான் (பாம்புக்குக் கை ஏது என்று கேட்கக்கூடாது, அதில் வாலால் தட்டுவான்). 'தொடரும்' என்று போட்டிருந்தது. அடுத்த மாதம் திறந்தால், ராக்கெட்டில் ஏறி எங்கேயோ போகிற வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பல்லைக் காட்டுகிறான். 'காலத்திற்கேற்ற மாற்றம்' என்று ஒரு வரி. மாமா என்ன ஆனார் என்பதற்கு அரை வரி கூட இல்லை.

அதற்கு நாலு வருஷம் முன்பே மாமாவின் ரசிகர்களாகிய நாங்கள் ஒரு வட்டம் ஆரம்பித்திருந்தோம். பன்னிரண்டு பேர். ஒவ்வொரு மாதமும் ஆளுக்கொரு கீரி மாமா படம் வரைந்து, எல்லாவற்றையும் ஒரே காக்கிக் கவரில் போட்டுச் சுற்றுக்கு விடுவோம். சேலத்தில் பொத்தான், நூல், லேஸ் விற்கும் முனீரின் கடையில் கிளம்பும் கவர் ஊர் ஊராகப் போய்விட்டுத் திரும்ப அங்கேயே வரும். வட்டத்துக்கு ஒரே சட்டம்: படத்தின் பின்பக்கம் 'வரைந்த விதம்' எழுத வேண்டும். என்ன பென்சில், எந்தக் கோடு முதலில், எங்கே சொதப்பியது, எதைப் பார்த்து நகல் எடுத்தது, எல்லாம். மறைத்தால் அடுத்த சுற்றில் கிழித்துவிடுவார்கள். கூடவே கருத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் போகும்.

என் படத்துக்கு வந்த கருத்துகளைச் சொல்கிறேன். 'தாள் தரமான தாள்.' 'ஓரக்கோடு நேராக உள்ளது.' 'தங்கள் கையெழுத்து அழகு.' நாலு வருஷம். கொங்குநாட்டு மரியாதை ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொல்லும் என்று எனக்குத் தெரியும்.

செல்லாயி படத்துக்குக் கருத்தே வராது. வெள்ளைத்தாளில் ஆளாளுக்கு ஒரு ஆச்சரியக்குறி போட்டுவிட்டுப் போவார்கள். அவருக்கும் வீட்டுக்காரர் சின்னண்ணனுக்கும் ஜேடர்பாளையத்தில் கரும்புக் காடும் வெல்ல ஆலையும். ஆலை அடுப்புக் கரியை வழித்து வேலம்பிசினில் குழைத்து மை செய்வார். தென்னை ஈர்க்கை நசுக்கித் தூரிகை. ரப்பர் கிடையாது. ஒருமுறை அவர் தன் படத்தைப் பத்திரிகைக்கே அனுப்பினார். 'மகளிருக்கான கோலப்போட்டி அறிவிப்பு இத்துடன் இணைத்துள்ளோம்' என்று பதில் வந்தது.

மாமா மதகில் தொங்குவதைப் பொறுக்கமாட்டாமல் மீதிக் கதையை வரைந்தது செல்லாயிதான். ஏழு பக்கம். கவர் போன ஊரிலெல்லாம் ஆச்சரியக்குறி பறந்தது. அதோடு விட்டிருக்கலாம். முனீர் பெருமை தாங்காமல் பத்திரிகைக்கே எழுதிப் போட்டுவிட்டார். வந்த பதில்: 'எமது பாத்திரத்தை அனுமதியின்றி வரைவதும் பரப்புவதும் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்.'

நிறுத்தவில்லை. பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு தபால் கார்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் கீரி மாமா கைகூப்பி 'முடியாதுங்க' என்று சொல்கிற மாதிரி வரைந்து அனுப்பினோம். அதுவும் போதாதென்று, மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முனீர் கடை வாசலில் கயிறு கட்டி எல்லாப் படத்தையும் தொங்கவிடுவது, செல்லாயியின் ஏழு பக்கத்தையும் சேலம் கடைவீதியே படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். கோலப்போட்டிக்கு அதுதான் தன் பதில் என்று செல்லாயி கருத்துத்தாளில் எழுதியிருந்தார்.

அந்த ஏழும் சேலம் போகும் வழியில் என்னிடம் வந்திருந்தபோது, அதில் ஏழாவதைத்தான் நான் இஸ்திரி போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் பாக்கி.

சனிக்கிழமை காலையில் ஜேடர்பாளையம் பஸ் ஏறினேன். கண்டக்டர் கண்ணுசாமி எங்கள் வட்டத்து ஆள்தான். கவரை டிரைவர் தலைக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவரே. ஓட்டையைக் காட்டினேன். அதன் வழியாக என்னையே பார்த்தார்.

"ஏனுங்க கந்தவேலு, இதென்னுங்க, பீடி நெருப்பா?"

"இஸ்திரிப் பொட்டிங்க."

"படத்துக்கு எதுக்குங்க இஸ்திரி? கண்ணாலத்துக்கா போவுது?"

"கிண்டல அப்பறம் வெச்சுக்குங்க. செல்லாயி என்ன சொல்லுவாங்க? இனி என்னைய வட்டத்துல வெச்சுக்குவீங்களா, மாட்டீங்களா? நேராச் சொல்லுங்க."

கண்ணுசாமி விசிலை ஊதினார். "பரமத்தி எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் போய்விட்டார். பரமத்தி வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

ஆலையில் செல்லாயி கொப்பரை முன்னால் நின்று பாகைத் துடுப்பால் துழாவிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், முழங்கை வரை கரி. சின்னண்ணன் அடுப்பில் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தார். படத்தை நீட்டிவிட்டு, நெல்லூரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக்கெல்லாம் கலந்துதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஆலை மாடு உட்பட.

செல்லாயி தாளைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஓட்டை வழியாக ஒரு பொட்டு வெயில் அவர் கன்னத்தில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"அம்முணி, எனக்கு இந்தக் கை லாயக்கில்லீங்க. இனி பென்சிலத் தொடமாட்டேன். வட்டத்த உட்டே போயிடறேன்."

"பாகு பதத்துக்கு வருது. அப்பறம் பேசலாமுங்க."

"இல்லீங்க, ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் இல்லாம..."

"பதம் தப்புனா கொப்பரையோட போயிருமுங்க. நீங்க போங்க."

சின்னண்ணன் பாவம் பார்த்து ஒரு சொம்பு கருப்பஞ்சாறு கொடுத்தார். "அவ கோவமா இருக்கறாளா என்னன்னு எனக்கே தெரியாதுங்க, கண்ணாலமாயி பத்து வருசமாச்சு" என்று ஆறுதலும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் மற்ற கடைகள் சாத்தியிருந்தன. முனீர் ஷட்டருக்குக் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் படங்களைத் தொங்கவிட்டிருந்தார். கோவிலுக்குப் போனவர்கள், கறிக்கடைக்குப் போனவர்கள், சினிமா டிக்கெட் கிடைக்காதவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள். செல்லாயியின் முதல் பக்கத்திலிருந்து ஆறாம் பக்கம் வரை கூட்டம் ஒன்றாக நகரும். ஆறாம் பக்கத்தில் தண்ணீர் மாமாவின் டிராயர் வரை வந்துவிடும். அதற்கடுத்து ஒரு வெறும் கிளிப்.

"அப்பறம் என்னாச்சு?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

"கரண்ட் போயிருச்சுங்க" என்றேன்.

முனீர் காதருகில் வந்தார். "அண்ணே, செல்லாயக்கா வருவாங்களா?"

"தெரியல முனீர். நான் வட்டத்துல இருக்கலாமா வேணாமா? நீயாவது நேராச் சொல்லு."

"அண்ணே, உங்க படத்து ஓரக்கோடு எவ்வளவு நேரா இருக்கு பாருங்க" என்றார் முனீர்.

அப்போதுதான் வீரபாகு வந்தார். அந்தப் பத்திரிகைக்குச் சேலம் ஏஜெண்ட். முனீர் கடைக்கும் மாதாமாதம் அவரிடமிருந்துதான் இதழ்க் கட்டு வரும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார், கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார், கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார்.

"முனீரு, என்னய்யா இது? கடுதாசி வந்துச்சுல்ல? எனக்கும் வந்துருக்கு. அந்தக் கீரியை எவன் வரைஞ்சிருந்தாலும் கழட்டணும்னு. கழட்டு எல்லாத்தையும்." என் படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது மட்டும் இருக்கட்டும். இது வேற ஏதோ பிராணி. இதுல ஆட்சேபணை இல்ல."

கூட்டம் சிரித்தது. பன்னிரண்டு பேரில் சட்டப்படி வரைகிற ஒரே ஓவியன் நான்தான் என்று கடைவீதியில் தீர்ப்பாகிவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் என் படமாவது கௌரவமாகத் தொங்கியிருக்கும். ஆனால் அந்தப் படத்துக் காதுக்கு மட்டும் நான் மூன்று ராத்திரி செலவழித்திருந்தேன்.

"வேற பிராணி இல்லீங்க. அதும் கீரி மாமாதான்!" என்று கத்தினேன்.

"இதுவா?"

"இதேதானுங்க! அரை டிராயர் தெரியலீங்களா? காதுல பீடி தெரியலீங்களா?"

"பீடியா? வாலுன்னு நெனச்சேன்."

"கழட்டறதா இருந்தா இதத்தான் மொதல்ல கழட்டோணும்! என்னையத் தாண்டித்தான் மத்தவங்க படத்தத் தொடோணும்!" கயிற்றுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். நிற்கும்போது முதுகு பட்டு ரெண்டு கிளிப் கழன்று விழுந்தது. முனீர் எடுத்து மறுபடி மாட்டினார்.

வீரபாகு கெட்ட மனுஷர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "இத பாரு முனீரு. நான் எழுதிப் போட்டா அடுத்த மாசத்துலேர்ந்து உனக்குக் கட்டு நின்னுரும். பசங்க புத்தகத்துக்கு வர்றாங்க, கூட வர்ற அம்மாங்க பொத்தான் வாங்குறாங்க. அதான் உன் வியாபாரம். வீணாக் கெடுத்துக்காத."

முனீர் கயிற்றைப் பார்த்தார். முதன்முதலில் அந்த இதழை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவருடைய அத்தா என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நிறுத்திக்குங்கண்ணே" என்றார். "ராக்கெட் பையன் வர்ற புத்தகத்தை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? அவன் சட்டையில பொத்தானே கிடையாது."

இப்போது கூட்டம் எங்கள் பக்கம் சிரித்தது. வீரபாகு கயிற்றில் கையை வைத்தார். நான் அவர் கையின் மேல் கையை வைத்தேன். அப்படியே இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் கண்ணுசாமியின் விசில் கேட்டது. பஸ்ஸை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, விசிலை மட்டும் ஊதிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். பின்னால் செல்லாயி. அவர் பின்னால் சின்னண்ணன், கையில் மைப் புட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு.

"ராத்திரியெல்லாம் பாகு எறக்குனமுங்க. வரைய நேரமில்ல" என்றார் செல்லாயி. என்னிடமா, கூட்டத்திடமா தெரியவில்லை. "இங்கயே போட்டறலாம்."

கடைப்படியில் உட்கார்ந்து, முனீர் கொடுத்த பலகையை மடியில் வைத்து, தாளை விரித்தார். வீரபாகு குனிந்தார்.

"ஏம்மா, இதை வரைய உனக்கு யாரு அனுமதி குடுத்தது?"

செல்லாயி ஈர்க்கை மையில் தோய்த்தார். நிமிரவில்லை. "நாலு மாசமா மதகுல தொங்குதுங்க அது. தொங்கவுட்டுட்டுப் போறதுக்கு உங்குளுக்கு யாரு அனுமதி குடுத்தாங்க?"

வீரபாகு கைக்குட்டையைத் தேடினார்.

அதற்குப் பிறகு செல்லாயி எங்கள் சட்டப்படி நடந்துகொண்டார். எப்போதும் பின்பக்கத்தில் எழுதுகிற வரைந்த விதத்தை இப்போது வாயால் சொன்னார். "மொதல்ல வாலு போடோணுமுங்க. கீரிக்கு வாலுதான் கணக்கு. வாலு பயந்துக்கிட்டா மூஞ்சி சிரிச்சாலும் பொய்யாத் தெரியும்... இப்பத் தண்ணி. தண்ணிக்குக் கோடு போடக்கூடாது, மத்ததுக்குப் போட்டுட்டு இத உட்டறோணும்... அய்யோ, இந்தக் காலு சொதப்பிருச்சு. போச்சாது, பரவால்ல, மேல துண்டப் போட்டு மறச்சுக்கலாம்." துண்டு வந்து காலை மறைத்தது. கூட்டத்தில் ஒருவர் "அட!" என்றார். தையற்கடைப் பெண்கள் நாலு பேர் படிக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

கதை முடிந்தது இப்படி: மாமா மூழ்குவதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று கட்டுவிரியன் கங்காணி மதகின் மேலேயிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறான். இன்னும் கொஞ்சம் எட்டுகிறான். மாமா அவன் கழுத்தைப் பிடித்துக் கயிறாக்கி மேலே ஏறிவிடுகிறார். கடைசிக் கட்டத்தில் டிராயரைப் பிழிந்துகொண்டே, "கங்காணி, ரெண்டு டீ சொல்லு" என்கிறார்.

முனீர் ஈரம் காயாத தாளை அந்த வெறும் கிளிப்பில் மாட்டினார். யாரோ கை தட்டினார்கள், பிறகு வீதியே தட்டியது. வீரபாகு கடைசிக் கட்டத்தை இரண்டு தரம் படித்தார். வாய் கோணியது. அதைச் சிரிப்பு என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்லுவேன். "நான் எழுதித்தான் போடணும் முனீரு" என்று சைக்கிளை எடுத்தார். "அடுத்த மாசம் கட்டு வராது."

"வரவேணாம்ணே. வாசல்ல கயிறு இருக்கும். வந்து படிச்சுட்டுப் போங்க" என்றார் முனீர்.

கூட்டம் கலைய நேரமாயிற்று. செல்லாயி ஈர்க்கைத் துடைத்துக்கொண்டு என் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். நான் அவசரமாக அதைக் கழற்றப் போனேன்.

"உடுங்க, பாக்கோணும்" என்றார்.

பார்த்தார். கண்ணுசாமி விசிலை வாயில் வைத்தார். முனீர் ஓரக்கோட்டைப் பற்றிப் பேச வாயெடுத்தார். நான் இருவரையும் கையமர்த்தினேன்.

"அம்முணி, நாலு வருசமாக் கேக்கறேன், ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க. என்ற படம் தேறுமா, தேறாதா? நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

"தேறாதுங்க" என்றார் செல்லாயி. "கீரியும் இல்ல, மாமாவும் இல்ல. பெருக்கான் எலிக்கு டிராயர் மாட்டுனாப்பல இருக்குது. இன்னும் பத்து வருசம் போட்டாலும் இப்பிடித்தான் வரும். ஆனா வரையாதீங்கன்னு பட்டணத்துப் பத்திரிகைக்காரங்க சொன்னதையே நாம கேக்கல, நீங்களா உங்களுக்குச் சொல்லிக்கிட்டா நாங்க கேட்டுக்குவமா? அடுத்த மாசக் கவர்ல உங்க பக்கம் இருக்கோணும். இல்லீன்னா அந்த இஸ்திரிப் பொட்டிய எடுத்துக்கிட்டு உங்க ஆபீசுக்கே வருவேனுங்க."